முப்பது டிகிரி வரை

கோயமுத்தூரில் அவினாசி ரோட்டை விட்டுச் சற்று உள்ளே, ஒரு கல்யாண மண்டபத்துக்கும் மரம் அறுக்கும் மில்லுக்கும் நடுவே, கொங்கு சிறுதொழில் கணினி வரைபட மையம் என்று ஓர் அரசாங்க அலுவலகம் இருந்தது. பவுண்டரி, லேத் பட்டறை வைத்திருக்கும் சின்ன முதலாளிகளுக்குக் கம்ப்யூட்டரில் எந்திரப் படம் வரைந்து கொடுப்பது அதன் வேலை. 1996-ல் அங்கே பதினேழு பேர் சம்பளம் வாங்கினார்கள். அதில் படம் வரையத் தெரிந்தவள் ஒருத்திதான். பெயர் மெர்சி. பதினேழு பேரில் வேலை நிரந்தரம் ஆகாதவளும் அவள் ஒருத்திதான்.

இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது. வேலை செய்கிறவர்களை நிரந்தரமாக்கினால் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை மையம் பதினாறு முறை பட்டுத் தெரிந்துகொண்டிருந்தது. பதினேழாவது முறையும் ஏமாற அது தயாராக இல்லை. ஆகவே எண்பத்தொன்பது நாளுக்கு ஒரு தடவை மெர்சிக்கு வேலை முடிந்துபோகும். ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் புது உத்தரவு வாங்கிக்கொண்டு வருவாள். இப்படியே மூன்று வருஷம். சூலூர்ப் பக்கத் தோட்டங்களில் மூன்று தலைமுறையாக மண்வெட்டி பிடித்த குடும்பத்திலிருந்து உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு வந்த முதல் ஆள் அவள். அந்த எண்பத்தொன்பது நாளையும் அவள் லேசாக நினைக்கவில்லை.

மையத்தில் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அதற்குக் கண்ணாடி அறை, ஏசி, வாசலில் கால்மிதி. செருப்பை வெளியே விட்டு, காலைத் துடைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அடுத்த ஆயுத பூஜை வரை மானிட்டரின் நெற்றியில் காய்ந்து கிடக்கும். மையத்தின் தலைவர் இணை இயக்குநர் சென்னகிருஷ்ணனுக்கு அந்த அறையின் மேல் அபாரப் பிரியம். யார் வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டுவார். படம் வரையும் அந்த மென்பொருளில் அவருக்கு இரண்டு கட்டளைகள் தெரியும். ஒன்று, படத்தைத் திறப்பது. இன்னொன்று, திருப்புவது. மூடுவதற்கு மெர்சியைக் கூப்பிடுவார்.

சித்திரை மாசத்தில் பெருந்துறையிலிருந்து சென்னியப்பன் என்பவர் வந்தார். தோட்டத்துக்காரர், தண்ணீர் வற்றிப்போன பிறகு பெருந்துறைத் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பவுண்டரி போட்டவர். பன்னிரண்டு பேர் அவரிடம் வார்ப்பு வேலை பார்த்தார்கள். பம்ப்புக்கு மேல்கூடு வார்த்துக் கொடுக்கச் சொல்லி வடக்கே ஒரு கம்பெனியிலிருந்து இருநூறு உருப்படிக்கு ஆர்டர் வந்திருந்தது. பவுண்டரி ஆரம்பித்து அதுவரை அவருக்கு வராத பெரிய ஆர்டர். கூட்டில் தண்ணீர் வெளியேறும் வாய் மேலே பார்த்தபடி இருக்கிற பழைய படம் ஒன்று கையில் இருந்தது. கம்பெனிக்காரன் வாய் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்றான்; அதுவும் கம்ப்யூட்டரில் வரைந்த படமாக, சீல் வைத்து வேண்டும் என்றான்.

"மோட்டார் பக்கம் நின்னு பார்த்தா வாய் இடது பக்கம் வரோணுமுங்க அம்மணி," என்று மெர்சியிடம் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார் சென்னியப்பன். "வலது பக்கம் செவுருங்க. அங்க வந்துதுன்னா பைப்பு மாட்ட முடியாது. காலு ரெண்டும் இருக்கற எடத்துலயே இருக்கட்டும். மேல மட்டும் திருப்புனாப் போதுமுங்க."

"தொண்ணூறு டிகிரிங்க. பத்து நாள்ல குடுத்தர்லாமுங்க," என்றாள் மெர்சி.

பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற அவளுக்கு ஆறு நாள் பிடித்தது. ஏழாம் நாள் திருப்ப வேண்டியது மட்டும் பாக்கி. அன்றைக்குத்தான் ஈரோட்டிலிருந்து ஒரு தொழில் சங்கத்தார் பத்துப் பேர் மையத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். இணை இயக்குநர் அவர்களைச் செருப்பைக் கழற்றவைத்துக் கண்ணாடி அறைக்குள் கூட்டி வந்தார். மெர்சியை எழச் சொல்லி நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

"தாள்ல வரைஞ்சா ஒரு பக்கந்தான் தெரியும். இதுல ஆறு பக்கமும் தெரியும்," என்றார். "இப்ப இந்த வாயை மோட்டார் பக்கமிருந்து பார்த்தா இடது பக்கம் வர்ற மாதிரி திருப்பறேன், பாருங்க."

திருப்பும் கட்டளை முதலில் அச்சைக் கேட்கும். எந்தக் கோட்டைச் சுற்றித் திருப்ப வேண்டும் என்று இரண்டு புள்ளிகளைத் தொட்டுக் காட்டினால், எத்தனை டிகிரி என்று கேட்கும். அவர் மோட்டார் முனையை முதலில் தொட்டார். எதிரே இருந்த தூர முனையை இரண்டாவதாகத் தொட்டார். தொண்ணூறு என்று அடித்தார். வாய் வலப்பக்கம் போய் நின்றது.

"வலது பக்கமுங்க போயிருக்குது," என்றார் சங்கத்தாரில் ஒருவர், மரியாதையாக.

அவர் மறுபடியும் தொண்ணூறு அடித்தார். வாய் கீழே இறங்கி இரண்டு கால்களுக்கு நடுவில் போய் நின்றது. மூன்றாவது முறை அடித்ததும் இடப்பக்கம் வந்தது.

"வந்துருச்சு," என்றார் இணை இயக்குநர்.

"வந்துருச்சுங்க. வீட்டுக்குப் பின்னால இருக்கற பொடக்காளிக்குப் போறதுக்கு ஊரைச் சுத்தி வந்த மாதிரி இருக்குதுங்க," என்றார் அந்த மனிதர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மெஷின் பண்ணினால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

இணை இயக்குநர் நாற்காலியைத் திருப்பி, "ஏனுங்க மெர்சி, என்ன கோளாறு இது?" என்று கேட்டார். கோபம் வந்தால் அவர் 'ங்க' போடுவார்.

மெர்சி அங்கேதான் தப்புப் பண்ணினாள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டாள்.

"கோளாறு இல்லீங் சார். முதல்ல எந்தப் புள்ளியத் தொடறமோ அங்கிருந்து ரெண்டாவது புள்ளிக்குக் கட்டை விரலை நீட்டிக்கோணும். மிச்ச விரலு மடங்கற பக்கந்தான் படம் திரும்பும். புள்ளிய மாத்தித் தொட்டா இடது பக்கம் வந்துரும். இல்லாட்டி மைனஸ் தொண்ணூறு போடலாமுங்க."

இணை இயக்குநர் கட்டை விரலைத் திரையை நோக்கி நீட்டினார். விரல்களை மடக்கினார். "இடது பக்கந்தானே வருது. மெஷின் வலது பக்கமில்ல போச்சு?"

"வலது கைங்க சார்," என்றாள் மெர்சி.

இணை இயக்குநர் இடது கைக்காரர். மையத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயால் சொன்னதில்லை. அவர் மேஜையில் பேனா ஸ்டாண்டு இடப்பக்கம் இருக்கும். ஃபைலை நீட்டுகிறவர்கள் இடப்பக்கமாகப் போய் நீட்டுவார்கள். சின்ன வயசில் அந்தக் கையில் எழுதியதற்காக வாத்தியார் விரல் முட்டியிலேயே ஸ்கேலால் அடித்ததாகவும், இரண்டு வருஷம் அந்தக் கையை இடுப்போடு கட்டிவிட்டிருந்ததாகவும், அதையெல்லாம் தாண்டித்தான் அதே கையால் கெஜட்டட் அதிகாரியாகக் கையெழுத்துப் போடுவதாகவும் அவரே ஒரு சுதந்திர தினத்தில் பேசியிருக்கிறார். இப்போது பத்து வெளியாட்கள் முன்னால், எண்பத்தொன்பது நாள் பெண் ஒருத்தி, வலது கைங்க என்கிறாள்.

அவர் கையை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டார். "டீ சாப்பிடலாமுங்க, வாங்க," என்று சங்கத்தாரை வெளியே கூட்டிப்போனார்.

மறுநாள் மெர்சிக்குக் குறிப்பாணை வந்தது. 'பார்வையாளர்கள் முன்னிலையில் கணினியின் கோளாறை மறைக்கும் நோக்குடன் மேலதிகாரியின் உடலுறுப்பைக் குறிப்பிட்டுப் பேசியது குறித்துத் தக்க விளக்கத்தை மூன்று பிரதிகளில் ஏழு நாட்களுக்குள்' என்று இருந்தது. மெர்சி ஒரு வெள்ளைத்தாளில் தன் வலது கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, கட்டை விரலுக்கு ஓர் அம்புக்குறி போட்டு, மிச்ச விரல்களுக்கு வளைவாக ஓர் அம்புக்குறி போட்டு, கீழே நாலு வரி எழுதிக் கொடுத்தாள்.

அலுவலகக் கண்காணிப்பாளர் ரங்கநாயகி அதை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். முப்பது வருஷ சர்வீஸ். கெட்டவள் இல்லை. எந்தக் காகிதத்துக்கும் ஒரு கோப்பு கிடைத்துவிட்டால் நிம்மதியாகிவிடுவாள்.

"விளக்கத்துல படமெல்லாம் போடக்கூடாது கண்ணு. இது யாரோட கைன்னு தணிக்கையில கேட்டா நான் என்ன சொல்றது?"

"என்ற கைதானுங்க மேடம்."

"அப்ப ஓரத்துல 'மெர்சியின் கை, இணைப்பு ஒன்று'ன்னு எழுதிக் குடு. மூணு காப்பின்னா மூணு கை வேணும்."

மெர்சி இன்னும் இரண்டு கை வரைந்தாள். 'முப்பரிமாணச் சுழற்சிக் கட்டளைக் கோளாறு' என்று கோப்பு திறக்கப்பட்டது. கோப்பு இருக்கிற வரைக்கும் அந்தக் கட்டளையை யாரும் பயன்படுத்தக்கூடாது என்று உத்தரவாயிற்று. அன்றைக்குக் காட்டத் திருப்பியது சேமிக்கப்படவில்லை; சென்னியப்பனின் பம்ப்புக் கூடு இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல் மேலே பார்த்தபடி நின்றுவிட்டது.

மென்பொருளை விற்ற ஏஜென்சியிலிருந்து தீபக் என்ற இளைஞன் சென்னையிலிருந்து வந்தான். டை கட்டியிருந்தான். மவுஸைக் கவிழ்த்து உள்ளே இருந்த உருண்டையை எடுத்து ஸ்பிரிட்டில் துடைத்தான். மென்பொருளை யாரும் திருட்டுத்தனமாக ஓட்டாமலிருக்கக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகியிருந்த பூட்டைக் கழற்றி ஊதி மறுபடி செருகினான். மென்பொருளை முழுசாக அழித்துவிட்டு இருபத்திரண்டு ஃப்ளாப்பியில் மறுபடி ஏற்றினான். மத்தியானத்துக்கு மேல் மெர்சியின் கையை வரைந்த தாளைப் பார்த்தான்.

"இதுல எந்தக் கோளாறும் இல்லை மேடம். நீங்க சொல்றதுதான் சரி. மேனுவல்லயே போட்டிருக்கு," என்றான் தணிந்த குரலில்.

"அதை எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன்."

தீபக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாசம் அது. அவன் அறிக்கையில், 'மென்பொருள் மீண்டும் நிறுவப்பட்டது. முப்பது நாட்கள் கண்காணிப்பில் வைக்கவும்' என்று எழுதி இணை இயக்குநரிடம் இடப்பக்கமாகப் போய் நீட்டினான். வந்த ஒரு நாளிலேயே பழகிக்கொண்டான்.

முப்பது நாள் கண்காணித்தார்கள். யாரும் தொடாத கட்டளையில் எந்தக் கோளாறும் தெரியவில்லை. ஆனாலும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது என்று சுழற்சிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் இணை இயக்குநர். உறுப்பினர்கள் ரங்கநாயகி, கணக்குப் பிரிவில் ஒருவர், ஸ்டோர் கீப்பர், ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர். நான்கு முறை கூடினார்கள். பேராசிரியர் இரண்டு கூட்டம் முழுக்கப் பூமி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பேசினார். மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம், கீழே நின்று பார்த்தால் இன்னொரு பக்கம் என்று முடித்தார். ஸ்டோர் கீப்பர், கோயிலைச் சுற்றுவது போலச் சுற்றினால் யாரும் குறை சொல்ல முடியாது என்றார். நான்காவது கூட்டத்துக்கு மெர்சியைக் கூப்பிட்டார்கள்.

"வலது கைதான்னு யார் முடிவு பண்ணுனது?" என்று கேட்டார் இணை இயக்குநர்.

"அது ஒரு ஏற்பாடுங்க சார். எல்லாரும் ஒரே மாதிரி பண்ணோணும்னு வெச்சுக்கிட்டது. ரோட்டுல எல்லாரும் இடது பக்கம் போறமில்லீங்களா, அது மாதிரி."

"இடது பக்கம். குறிச்சுக்கங்க. அவங்களே ஒத்துக்கறாங்க," என்றார் ரங்கநாயகியிடம். பிறகு எழுந்து நின்றார். அவர் பேசியது நிகழ்ச்சிக் குறிப்பில் முழுசாகப் பதிவாகியிருக்கிறது.

"வலது கையில சாப்பிடறோம், சரி. வலது கால எடுத்து வெச்சு உள்ள போறோம், சரி. அதெல்லாம் வீட்டுல. ஆபீஸ்ல கை முக்கியமில்லை, கையெழுத்துதான் முக்கியம். இந்த மையத்துல ஒன்பது வருஷமா எல்லா உத்தரவும் இந்தக் கையிலதான் கையெழுத்தாகுது. இந்தக் கை தப்புன்னா உங்க இன்கிரிமென்ட் தப்பு. உங்க லீவு தப்பு. ரங்கநாயகியம்மாவோட பிரமோஷன் தப்பு. பேராசிரியருக்குக் குடுக்கற போக்குவரத்துப் படியும் தப்பு. நான் எதையும் திணிக்கலீங்க. ஓட்டெடுப்புக்கு விட்டுர்றேன்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இனி மையத்தில் எந்தப் பொருளையும் திருப்பும்போது, அனுமதி அளிக்கும் அதிகாரியின் கையே திசைக்கு அளவுகோல் என்று முடிவாயிற்று. கூடவே சுழற்சி அனுமதிப் படிவமும் வந்தது. முப்பது டிகிரி வரை மெர்சி தன் பொறுப்பில் திருப்பலாம். அறுபது வரை ரங்கநாயகியின் ஒப்புதல் வேண்டும். தொண்ணூறு வரை இணை இயக்குநர். அதற்கு மேல் சென்னைத் தலைமை அலுவலகம். முந்நூற்றறுபது டிகிரி திருப்பினால் பொருள் கிளம்பின இடத்துக்கே வந்துவிடுவதால், அது பலனில்லாத செலவாகக் கருதப்படும். நிதித் துறையின் முன் அனுமதி கட்டாயம். மையத்தின் வாடிக்கையாளர்களிடம் ஊழியர்கள் நேரடியாகத் தொழில்நுட்பம் பேசக்கூடாது என்றும் ஒரு வரி கடைசியில் இருந்தது. அதற்குக் கீழே மெர்சியிடம் மட்டும் கையெழுத்து வாங்கினார்கள்.

இதற்குள் ஆனி பிறந்துவிட்டது. சென்னியப்பன் வாரத்துக்கு இரண்டு நாள் பெருந்துறையிலிருந்து பஸ் பிடித்து வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கம்பெனிக்காரன் ஆவணிக்குள் சரக்கு வேண்டும் என்று தந்தி அடித்திருந்தான். மரத்தில் அச்சு செதுக்கும் ஆசாரி வேறு வேலை ஒப்புக்கொள்ளாமல் காத்திருந்தார். யார் மேலும் அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "ஏனுங்க, நம்ம வேலை சித்தெ பாருங்க," என்பார். மெர்சி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையில் ஏதாவது ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி போவாள்.

ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. யாருக்கும் படிவம் போடாமல் தன் பொறுப்பில் முப்பது டிகிரி திருப்பினாள். பிறகு இன்னொரு முப்பது. பிறகு இன்னொரு முப்பது. தூர முனையை முதலிலும் மோட்டார் முனையை இரண்டாவதாகவும் தொட்டிருந்தாள். வாய் இடப்பக்கம் வந்து சொன்ன இடத்தில் நின்றது. பிளாட்டரில் பெரிய தாள் போட்டுப் படத்தை எடுத்துக் கையெழுத்துக்கு அனுப்பினாள்.

இணை இயக்குநர் கூப்பிட்டார். படம் மேஜையில் விரிந்திருந்தது.

"உக்காருங்க," என்றார். அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "இதுல எந்த முனை முதல்ல?"

"தூர முனைங்க சார்."

அவர் இடது கட்டை விரலைத் தன் நெஞ்சைப் பார்த்து நீட்டி விரல்களை மடக்கினார். "அப்படீன்னா நம்ம தீர்மானத்துப்படி வாய் வலது பக்கம் வந்திருக்கோணும். இடது பக்கம் வந்திருக்குது. அப்ப இந்தப் படம் தப்புங்களா, தீர்மானம் தப்புங்களா?"

"அவங்க கேட்டது இடது பக்கந்தானுங்க சார்."

"கேட்டது வந்திருக்கலாமுங்க. முறையா வரலையே. ஒருத்தன் திருடிட்டு வந்து கோயிலுக்குக் குடுத்தா அது காணிக்கையாயிருமுங்களா?" படிவத்தை எடுத்து அவரே நிரப்பினார். முதல் புள்ளி மோட்டார் முனை, இரண்டாவது தூர முனை, தொண்ணூறு டிகிரி, திசை இடது. தன் கையை ஒரு முறை மடக்கிச் சரிபார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "இதுல இருக்கற மாதிரி அப்படியே பண்ணுங்க."

"அப்படிப் பண்ணுனா வலது பக்கம் வருமுங்க சார்."

"கம்ப்யூட்டர் எந்தப் பக்கம் காட்டுனாலும் அனுமதி இடது பக்கத்துக்குத்தான் குடுத்திருக்கு. படத்துக்குக் கீழ 'வெளிவாய்: இடது'ன்னு எழுதி சீல் வெச்சுருங்க. உங்க உத்தரவு வர்ற வெள்ளிக்கிழமை முடியுதுன்னு நினைக்கறேன். நல்ல பொண்ணுங்க நீங்க. கைவேலை தெரிஞ்சவங்க."

மெர்சி கண்ணாடி அறைக்குத் திரும்பினாள். காலைத் துடைத்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். வாய் மேலே பார்த்த படத்தை மறுபடி திறந்து, படிவத்தில் இருந்தபடி அப்படியே பண்ணினாள். வாய் வலப்பக்கம் போயிற்று. கீழே இடது என்று எழுதினாள். பிறகு ஒரு காகிதம் எடுத்து, 'இப்படத்தில் வெளிவாய் வலப்பக்கம் உள்ளது. வாடிக்கையாளர் கேட்டது இடப்பக்கம். தக்க நடவடிக்கைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கிறேன்' என்று மூன்று பிரதி எழுதி ரங்கநாயகியிடம் கொடுத்தாள். ரங்கநாயகி வாங்கி, படித்து, எண் போட்டு, கோப்பில் கோத்தாள். கோத்த பிறகு மெர்சிக்கும் மனசு கொஞ்சம் லேசானது. அதுதான் அவளுக்கே பிற்பாடு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை சென்னியப்பன் படத்தை வாங்க வந்தார். ரங்கநாயகியின் மேஜையில் விரித்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, வலது பக்கமா இருக்கறாப்பல தெரியுதுங்களே?"

"கீழ இடதுன்னு போட்டிருக்குதே, படிச்சீங்களா?"

"போட்டிருக்குதுங்க."

"கம்ப்யூட்டர் படத்துல பார்க்கற பக்கமெல்லாம் வேற மாதிரி இருக்குமுங்க. குழு போட்டுப் பார்த்துக் குடுத்தது. சந்தேகமுன்னா மனு எழுதிக் குடுங்க. அடுத்த கூட்டத்துல வெப்பாங்க."

அடுத்த கூட்டம் எப்போது என்று அவர் கேட்கவில்லை. படத்தைச் சுருட்டி வேட்டி மடிப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் மெர்சி எதிரே வந்தாள். நிறுத்தினார்.

"அம்மணி, நீங்கதானே வரைஞ்சீங்க. எல்லாம் சரிங்களா? நேரா ஆசாரிகிட்டக் குடுத்தர்லாமுங்களா?"

வராந்தா முனையில் இணை இயக்குநரின் அறைக்கதவு திறந்திருந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

"ஆபீஸ்ல கேட்டுக்கங்க," என்றாள் மெர்சி.

"கேட்டுட்டேனுங்க. உங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேன்னு." அவர் சிரித்தார். "அப்ப சரீங்க. போயிட்டு வாரேனுங்க."

புது உத்தரவு வந்தது. இன்னொரு எண்பத்தொன்பது நாள்.

ஆவணியில் சரக்கு வடக்கே போயிற்று. புரட்டாசியில் இருநூறும் திரும்பி வந்தன. சென்னியப்பன் மனு எழுதினார். படத்தில் இடது என்று தெளிவாகக் குறிப்பிட்டிருப்பதால் அதைப் பின்பற்றாதது வார்ப்பாளரின் கவனக்குறைவு என்று மையம் பதில் போட்டது. தமிழில்தான் போட்டது, ஆனால் அவர் அதை மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

ஐப்பசியில் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். பம்ப்பு அவர்கள் கண்ணில் படவில்லை. மெர்சி ஒரே நாளில் மூன்று முறை முப்பது டிகிரி திருப்பியது பட்டது. டெண்டரைச் சின்னச் சின்னதாகப் பிரித்து மேலதிகாரியின் அனுமதியைத் தவிர்ப்பது போல, தொண்ணூறு டிகிரியை மூன்றாகப் பிரித்துத் தவிர்த்திருக்கிறாள் என்று எழுதினார்கள். 'சுழற்சியைப் பிரித்தல்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அது கடுமையான முறைகேடு. மெர்சி மூன்று பிரதியில் கொடுத்த கடிதத்தைப் பற்றிக் கேட்டபோது ரங்கநாயகி கோப்பை எடுத்துக் காட்டினாள். கடிதம் பத்திரமாக இருந்தது. எண் இருந்தது. தேதி இருந்தது. அவ்வளவு ஒழுங்காகக் கோப்பு வைத்திருந்ததற்காக ரங்கநாயகியைப் பாராட்டினார்கள்.

அந்த எண்பத்தொன்பதாம் நாள் மெர்சிக்கு அடுத்த உத்தரவு வரவில்லை. ரங்கநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசுல வெச்சுக்காத கண்ணு. ஃபைல்ல உம்மேல ஒரு தப்பும் இல்ல. ஆடிட்ல மட்டுந்தான்," என்றாள். உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அந்த வருஷம் சிறந்த மையத்துக்கான கேடயம் அவர்களுக்குக் கிடைத்தது. மாதம் நூற்று நாற்பது சுழற்சி நடந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றாகக் குறைத்து, கோளாறை அடியோடு கட்டுப்படுத்தியதற்காக. ஏற்புரையில் இணை இயக்குநர், ஒரு மெஷினைச் சரிபண்ணுவது சுலபம், அதைப் பயன்படுத்துகிறவர்களைச் சரிபண்ணுவதுதான் நிர்வாகம் என்றார். மேடையில் கேடயத்தை நீட்டிய பெரிய மனிதர் அவர் எந்தக் கையை நீட்டுவார் என்று தெரியாமல் ஒரு நிமிஷம் தடுமாறியதாகவும், அவர் இரண்டு கையாலும் பணிவாக வாங்கிக்கொண்டதாகவும் பேப்பரில் போட்டோவோடு வந்திருந்தது.

மெர்சி அந்தப் பேப்பரைப் பார்த்த வாரத்தில்தான் பெருந்துறைக்குக் கிளம்பினாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடிதத்தின் நகல் ஒன்றைப் பையில் வைத்திருந்தாள்.

பவுண்டரியில் உலை ஓடவில்லை. முற்றத்தில் கூடுகள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒழுங்காக அடுக்கிய மாதிரி ஒரே பக்கம் வாயைத் திறந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு பேரில் மூன்று பேர்தான் இருந்தார்கள். ஒருவர் சம்மட்டியால் கூடுகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார். உடைத்தால்தான் மறுபடி உருக்க முடியும். சென்னியப்பன் துண்டுகளைப் பொறுக்கித் தட்டுக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தவர், இவளைப் பார்த்ததும் தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க அம்மணி. பஸ்லீங்களா வந்தீங்க? உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

அவள் உட்காரவில்லை. "வேலை போயிருச்சுங்க," என்றாள். ஏன் அதை முதலில் சொன்னாள் என்று தெரியவில்லை.

"அடப் பாவமே. உங்களையுமுங்களா." நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"அந்தப் படம் தப்புன்னு எனக்குத் தெரியுமுங்க."

சென்னியப்பன் உடைகிற கூடுகளைத் திரும்பிப் பார்த்தார். சம்மட்டி இரண்டு தடவை விழுந்தது.

"எப்பருந்துங்க தெரியும்?"

"வரையறப்பவே தெரியுமுங்க. சொன்னேன். இணை இயக்குநர்கிட்டச் சொன்னேன். குழுவுல சொன்னேன். கடைசியா எழுதியே குடுத்தேனுங்க, மூணு காப்பி. இதோ நகல் இருக்குது." பையைத் திறந்து காகிதத்தை எடுத்தாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துக் கடைசி வரை படித்தார். நாலாக மடித்து, கரி படாமல் நுனியில் பிடித்து, அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கறீங்க அம்மணி," என்றார். "எங்கிட்டச் சொல்லலீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. விட்டுப்போனது ஒன்றை ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றார். பிறகு அவளோடு கூடவே ரோடு வரைக்கும் நடந்து வந்து, கோயமுத்தூர் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, கண்டக்டரிடம், "தனியாப் போறாங்க. எடம் பார்த்துக் குடுங்க," என்று சொல்லிவிட்டு, பஸ் நகர்ந்த பிறகுதான் சாலையைக் கடந்து திரும்பிப் போனார்.